குலை குலையா முந்திரிக்கா: நரி திருடனே இல்லீங்க

கேள்வி, 2024 ஏப்ரல் 6, சனி, மாலை 7:10
குலை குலையா முந்திரிக்கா பாட்டுல நரிதான் திருடன், ஊரே சேந்து அதப் புடிக்கிறதுதான் வெளையாட்டு, சங்க காலத்துலேர்ந்து வர்ற பாட்டுன்னு எங்க வாத்தியார் சொன்னாரு. கடலூர் பக்கம் இதுக்குன்னு தனியா ஒரு கதை இருக்காமே, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏப்ரல் 6, சனி, இரவு 9:40
நரி திருடன் இல்ல. பாட்ட வாய்விட்டு ஒருவாட்டி சொல்லிப் பாருங்க. "குலை குலையா முந்திரிக்கா, நரியே நரியே சுத்தி வா, கொள்ளையடிச்சவன் எங்கிருக்கான், கூட்டத்தில் இருக்கான் கண்டுபிடி." திருடன யாராச்சும் வா வான்னு கூப்புட்டு வேலை குடுப்பாங்களா? கொள்ளையடிச்சவன் எங்கடான்னு நரியக் கேக்குறாங்க, இந்தக் கூட்டத்துலதான் இருக்கான், நீயே கண்டுபிடின்னு அனுப்புறாங்க. நரி இங்க போலீசு.

சங்க காலம்லாம் வேணாம். முந்திரி மரமே போர்ச்சுகீசியக்காரன் 16ஆம் நூற்றாண்டுல பிரேசில்லேர்ந்து கொண்டாந்தது. மரம் வர்றதுக்கு முன்னாடியே அதுக்குப் பாட்டு எழுதி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னா அது வேற விஷயம்.

கதை இருக்கு. எங்கம்மா ஊரு காடாம்புலியூர் பக்கம், அங்க இந்தக் கதைய சொல்லாத கெழவி கெடையாது. சோறு ஆறுது, சாப்டுட்டு வந்து சொல்றேன்.

ஏப்ரல் 6, சனி, இரவு 11:20
சரி கதை. எங்க ஆயா சொன்ன மாதிரியே சொல்றேன், நடுவுல கேள்வி கேக்காதீங்க.

பண்ருட்டிக்குத் தெக்க செம்மண் காட்டுல ஒரு பெரியவருக்கு முந்திரித் தோப்பு. பங்குனி மாசம், கொட்டை விழுற நேரம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், முந்திரிய மரத்துல ஏறிப் பறிக்கிறது இல்ல, பழுத்துத் தானா கீழ விழும், விழுந்தத பொறுக்கி, பழத்தத் திருகிப் போட்டுட்டு கொட்டைய மட்டும் கூடையில போட்டுக்குவாங்க, அதனால விடியிறதுக்கு முன்னாடி யாரு தோப்புக்குள்ள போறானோ அவனுக்குத்தான் யோகம். பெரியவர் தோப்புல தெனமும் மரத்துக்கடியில கொட்டை கொறையுது. காவக்காரன் இருக்கான், நல்ல மீச வச்ச ஆளு. அவனக் கேட்டா, "நரிங்க. ராத்திரியில கூட்டமா வருது, ஒத்த ஆளு நான் என்னா பண்ணுவேன்"ங்கிறான்.

கொட்டை பொறுக்குற கெழவி ஒருத்தி இத கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். பெரியவர கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயி ஒரு மரத்தடியக் காட்டுச்சு. அங்க பழம்லாம் அப்பிடியே கெடக்கு, சதை கொஞ்சம்கூடக் கொறையல, கொட்டைய மட்டும் காணோம். கெழவி கேட்டுச்சாம்: "ஏன்யா, நரின்னா பழத்தத் தின்னுட்டு கொட்டையத் துப்பிட்டுப் போவும். இந்த நரி கொட்டையத் திருகி எடுத்துக்கிட்டு பழத்த ஓரமா வச்சிட்டுப் போயிருக்கே, இதுக்கு பண்ருட்டி சந்தையில கடை கிடை இருக்கா?"

இந்த எடத்துல ஆயா நிறுத்திட்டு வெத்தல போடும். நாங்க சிரிச்சி முடிக்கிற வரைக்கும் அடுத்த வரி வராது.

அப்புறம் பஞ்சாயத்து. பொறுக்குறவங்க, காவக்காரன், வண்டிக்காரன், எல்லாரையும் மட்ட மத்தியான வெயில்ல மண்ணுல வட்டமா உக்கார வச்சாங்க. கெழவிதான் நாட்டாமை. "பழி வந்தது நரி மேல, அதனால நரியே வந்து சாட்சி சொல்லட்டும்"னு சொல்லி ஒரு பொடியன நரியாக்கி இடுப்புல துண்ட வாலாட்டம் சொருகி விட்டுச்சாம். நரி எல்லாருக்கும் பின்னாடி சுத்தி வரும், கொட்டை வாசன எங்க அடிக்குதோ அங்க வால போடும், வால் விழுந்தவன் திருடன். சொல்லிட்டு எல்லாரையும் பாடச் சொல்லுச்சு.

காவக்காரன் அன்னைக்கு விடியக்காலம் எடுத்த கொட்டைய இன்னும் மடியிலதான் வச்சிருக்கான். ஒண்ணு ரெண்டு நசுங்கி பால் கசிஞ்சி இடுப்பெல்லாம் எரியுது, வெயில் வேற. ஒரு பக்கமா உக்காருறான், இன்னொரு பக்கமா உக்காருறான். பொடியன் இவன் பின்னாடி வந்து, கால்ல முள்ளு குத்துனதால சும்மா ஒரு நொடி நின்னான். அவ்ளோதான். வால் விழுந்துடுச்சுன்னு நெனச்சி மீசக்காரன் எந்திரிச்சி ஓட்டம் புடிச்சான். துண்டு பொடியன் இடுப்புலயே இருக்கு! மடியிலேர்ந்து கொட்டை ஒண்ணொண்ணா விழுந்துக்கிட்டே போனதால தொரத்துறதுக்கும் வழி தெரிஞ்சிச்சாம்.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்லி ஆயா முடிக்கும். இதுதான் கதை. துண்ட பின்னாடி போடுறது, போட்டவன் பின்னாடி எந்திரிச்சி ஓடுறது, எல்லாம் இதுலேர்ந்துதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு, காலை 8:05
காலையில படிச்சிப் பாத்தா காவக்காரன் இடுப்பு எரிஞ்ச விஷயம் எனக்கே இடிக்குது. கதையில பால்னு சொன்னது ஓட்டுல இருக்கிற எண்ணெயத்தான். முழுக்கொட்டைய மடியில கட்டுனா எரியாது. ஓட்டுக்கு ரெண்டு அடுக்கு, நடுவுல தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும், எண்ணெய் அதுக்குள்ளதான் அடைஞ்சிருக்கும். ஒடச்சாலோ சுட்டாலோதான் வெளிய வரும். வந்துச்சுன்னா தோல் வெந்து கொப்பளம் போடும், அப்புறம் கறுத்துப் போயி உரியும். சேராங்கொட்டை இருக்கு பாருங்க, வண்ணான் துணிக்குக் குறி போடுவாங்களே, அதும் முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம். மாங்கா காம்புல வர்ற பால் ஒதட்டுல பட்டா புண்ணாவுதே, அதோட பெரியண்ணன்தான் முந்திரி ஓட்டுல இருக்கிறது.

சின்ன வயசுல நாங்க திருட்டுத்தனமா கொட்டைய சுள்ளியில போட்டு சுடுவோம். எண்ணெய் சீறிக்கிட்டு எரியும், அந்தப் பொகை தொண்டையில எறங்குனா அன்னைக்கு முழுக்க இருமல்தான். சுட்டு முடிச்சி மண்ண அள்ளிப் போட்டு அணைச்சி கல்லால தட்டித் தின்னுட்டு, வாயத் தொடச்சிட்டு வீட்டுக்குப் போனா அம்மா கையத் திருப்பிப் பாக்கும். வெரல் நுனி சொல்லிடும். அதனால திருடன் கையப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கலாமே, எதுக்கு நரி, வாலு, வட்டம்னு இவ்ளோ செலவு? பெரியம்மாவக் கேக்கணும், அது கொட்டை ஒடைக்கிற கொட்டாயில பல வருஷம் வேல பாத்துச்சு.

ஏப்ரல் 7, ஞாயிறு, பிற்பகல் 2:30
ஒருத்தர் சொல்றாரு, பாட்டுல வர்றது கொடிமுந்திரி, அதாவது திராட்சை, அதான் குலை குலையாங்குது, அதனால பாட்டு பழசாவே இருக்கலாம்னு. அண்ணே, நரிக்கும் திராட்சைக்கும் ஏற்கெனவே ஒரு பழைய தகராறு இருக்கு, அதுல இதையும் சேக்காதீங்க. முந்திரியும் ஒரே கொத்துல நாலஞ்சு தொங்கத்தான் தொங்கும். பங்குனியில பண்ருட்டி ரோட்டுல ஒரு தடவ பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து போனா பாத்துக்கலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய், இரவு 10:15
பெரியம்மாகிட்ட போன்ல பேசுனேன். முதல்ல ஒரு பாட்டம் சிரிச்சிது. அப்புறம் சொன்னதுதான் ஆச்சரியம், அதுக்கிட்ட வேற கதை இருக்கு.

அது சொல்றபடி கொப்பளமும் இல்ல எண்ணெயும் இல்ல. கொட்டாயில ஒடைக்கும்போதே நாங்க கையில வெளக்கெண்ணெய் பூசி சாம்பலத் தொட்டுக்கிட்டுதான் ஒடைப்போம், தோப்புல எடுத்த பச்சக் கொட்டைக்கு எவன்டி கொப்பளம் வாங்குனான்னு கேக்குது. (முழுசா ஒடையாம வர்ற பருப்புக்குத்தான் வெல, ரெண்டா போனா வெல எறங்கிடும், அதனால சுத்தியல தட்டுறதுல ஒரு பக்குவம் இருக்கு, ரொம்ப வேகமும் கூடாது மெதுவும் கூடாது, அதப் பத்தி கொஞ்ச நேரம் பேசுச்சு, அப்புறம் முட்டி வலியப் பத்திப் பேசுச்சு, அத விட்டுடுறேன்.)

விஷயம் பழச்சாறு. முந்திரிப்பழச் சாறு வேட்டியில பட்டா அப்ப தண்ணி மாதிரிதான் தெரியும், காய்ஞ்ச பின்னாடி காவி ஏறி நிக்கும், எந்த சோப்புக்கும் போவாது. திருடன் இருட்டுல அவசரத்துல பழத்துக்கு மேலயே உக்காந்து திருகியிருக்கான். கறை பின்னாடி. அவனுக்கே தெரியாது. அதனாலதான் கெழவி எல்லாரையும் உக்கார வச்சி நரியப் பின்னாடியா சுத்த விட்டுச்சாம், ஒவ்வொருத்தரா எந்திரிக்கச் சொல்ல சாக்கு வேணுமே! வட்டத்துக்குள்ள நின்னு மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாது, மூஞ்சில எல்லாரும் யோக்கியந்தான்.

இதுதான் சரின்னு எனக்குப் படுது. வெளையாட்டுல நரி ஏன் முதுகுப் பக்கமாவே போவுதுங்கிறதுக்கு ஆயா கதையில பதில் இல்ல, இதுல இருக்கு. ஆனா மீசக்காரன் ஓடுறப்ப மடியிலேர்ந்து கொட்டை சிந்துற எடம் ஆயா கதையிலதான் இருக்கு, அத விட எனக்கு மனசு வரல.

ஏப்ரல் 9, செவ்வாய், இரவு 10:50
சொல்ல மறந்துட்டேன். பெரியம்மா கதையில திருடன் காவக்காரன் இல்ல. தோப்புக்காரரோட மாப்புள்ள! மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவரு. கறையோட எந்திரிச்சப்ப ஊரே வாயப் பொத்திக்கிச்சாம், பெரியவர் மட்டும் "மாப்ள, வேட்டி மாத்திக்கிங்க, சாப்பாடு ரெடி"ன்னாராம். அந்த மாப்புள்ள எந்த ஊருன்னு கேட்டேன். எங்கப்பா ஊரச் சொல்லுது.

ஏப்ரல் 11, வியாழன், காலை 6:45
அப்பாகிட்ட விஷயத்தக் கொண்டு போனேன், சும்மா இருப்பாரா. அவரு பாண்டிப் பக்கம் பாகூர்காரரு. அங்க கதையே வேறயாம்.

பிரெஞ்சுக்காரன் காலம். பாகூர் பிரெஞ்சு சீமை, சுத்தி இருக்கிறது இங்கிலீஷ்காரனோட தென்னாற்காடு. எல்லை நேர்க்கோடா கெடையாது, இந்த வயல் அவனுது, அந்தக் களத்துமேடு இவனுது, இன்னைக்கும் கடலூர் போற வழியில முள்ளோடை பக்கம் எது பாண்டி எது தமிழ்நாடுன்னு சாராயக்கடை போர்டு பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். திருடன் இங்கிலீஷ் சீமைத் தோப்புல முந்திரிய அள்ளிக்கிட்டு வாய்க்காலத் தாண்டி இந்தப் பக்கம் வந்து உக்காந்துடுவான். கடலூர் போலீசு வாய்க்கால் வரைக்கும்தான் வரலாம். தாண்டுனா பிரெஞ்சுக்காரன் சண்டைக்கு வருவான். அதனால போலீசு எல்லைய ஒட்டியே சுத்திச் சுத்தி வரும், திருடன் நடுவுல பாகூர் சனத்தோட சனமா உக்காந்து வேடிக்க பாப்பான். சுத்தி வர்ற போலீசப் பாத்து ஊரு புள்ளைங்க பாடுன கேலிப் பாட்டுதான் இது, நரிங்கிறது போலீசுக்கு வச்ச பேருன்னு முடிச்சாரு.

பாகூர்ல ஏதுப்பா முந்திரி, அது ஏரிப் பாசனம், நெல்லு பூமியாச்சேன்னு கேட்டேன். "அதான்மா. இல்லாததாலதான் திருடப் போனான்"ங்கிறாரு.

அப்ப 1954 நவம்பர் 1க்கு அப்புறம் திருடன் எங்க போனான்னு கேட்டேன், பாண்டி இந்தியாவோட சேந்துடுச்சே. கொஞ்சம் யோசிச்சிட்டு, "இப்பதான் ஆல்பேட்டையில செக்போஸ்ட் இருக்கே, எல்லாம் ரூட்ட மாத்திட்டானுங்க"ன்னாரு. அங்க முந்திரிக்காக யாரையும் நிறுத்துறது இல்லன்னு உங்களுக்கும் தெரியும்.

ஏப்ரல் 12, வெள்ளி, இரவு 9:00
எல்லாத்துக்கும் பதில் சொல்ல முடியல, ஒண்ணே ஒண்ணு. கடலூர்ல கொள்ளைன்னாலே தேவனாம்பட்டினம் கோட்டைதானே, பாட்டு அதப் பத்தினதா இருக்கக் கூடாதான்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. கோட்டை கதை தெரியாதவங்களுக்கு: 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட கோட்டைய வாங்குறப்ப, பீரங்கி குண்டு எதுவரைக்கும் போய் விழுதோ அதுவரைக்கும் நெலமும் சேத்துன்னு பேரம். சுட்டான். குண்டு விழுந்த தூரத்துக்கு உள்ள இருந்த ஊருங்களுக்கு குண்டு கிராமம்னே பேரு வந்துச்சு. தம்பி, அது கூட்டத்துல தேடுற கொள்ளையா? நடுவுல நின்னு வெடி போட்டு, விழுந்த வரைக்கும் என்னுதுன்னு சொன்னவன கண்டுபிடிக்க நரி எதுக்கு!

ஏப்ரல் 14, ஞாயிறு, இரவு 8:30
சித்திர ஒண்ணு, எல்லாரும் பெரியம்மா ஊர்ல. வேப்பம்பூ பச்சடி, வடை, பாயசம், அப்புறம் தோப்பு.

தோப்புன்னா பழைய தோப்பு இல்ல. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் தானே புயல் அடிச்சப்ப பெரிய மரம்லாம் வேரோட சாஞ்சி போச்சு, பலா மரமும்தான். அதுக்கு அப்புறம் வச்சது எல்லாம் ஒட்டுச்செடி, விருத்தாசலம் ஆராய்ச்சி நெலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம். காய்க்கிறது நல்லாத்தான் காய்க்குது. ஆனா பழைய மரத்துக்கடியில கெள தரையத் தொட்டுக்கிட்டு இருக்கும், உள்ள பூந்தா அது தனி வீடு, ஆயா கதை சொன்னது அங்கதான். இப்ப மரத்துக்கு மரம் எடவெளி, எல்லாம் வெளிச்சமா இருக்கு.

புள்ளைங்கள வட்டமா உக்கார வச்சி வெளையாட வச்சோம். என் அண்ணன் பொண்ணு ரெண்டாங்கிளாஸ், லாஸ்பேட்டையில படிக்குது, மொத வேலையா நரின்னா எப்பிடி இருக்கும்னு கேட்டுச்சு. நாய்மாதிரின்னு சொன்னா அப்ப நாயே வரலாமேங்குது. நரிய நானே பாத்து ரொம்ப வருஷமாச்சு. பெரியம்மா, இப்பல்லாம் நரி இல்லடி, வௌவால்தான்னு சொல்லுச்சு. அது நெசம். வௌவால் பழத்தக் கவ்விக்கிட்டுப் போயி தூரத்துல வேற மரத்துல தொங்கிக்கிட்டே சதையச் சப்பிட்டு கொட்டைய கீழ போட்டுடும். அந்த மரம் எங்க இருக்குன்னு கண்டு வச்சிக்கிட்டா காலையில போய் பொறுக்கலாம், யாரும் திருட்டுன்னு சொல்ல முடியாது. எங்க சின்ன வயசு ஐஸ் காசு அதான். அது நாங்க அக்கா தங்கச்சிக்குள்ளயே வச்சிருந்த ரகசியம், பெரியம்மாவுக்கு அப்பவே தெரியும்னு இப்பதான் சொல்லுது.

இதுல இன்னொண்ணும் தோணுச்சு. வௌவாலும் கொட்டைய விட்டுட்டுப் போவுது, நரியும் விட்டுட்டுப் போவுது, அணிலும் சதையத்தான் கொறிக்கும். அந்த ஓட்டக் கடிச்சா வாய் வெந்துடும்னு அதுங்களுக்குத் தெரியும். மரத்துக்கடியில பழம் கெடந்து கொட்டை காணாமப் போனா மனுசன்தான், வேற ஆளே கெடையாது. ஊர்க் கெழவிங்க எந்தக் கதைய எப்பிடி மாத்தி சொன்னாலும் இந்த ஒரு எடத்த மட்டும் யாரும் மாத்தல, கவனிச்சீங்களா? ஆயாவும் இதத்தான் சொல்லுச்சு, பெரியம்மாவும் இதத்தான் சொல்லுச்சு. அப்பா கதையில மட்டும்தான் பழமே வரல, அதனால அது பாகூர்லயே கட்டுன கதைன்னு நான் தீர்ப்பு சொல்லிட்டேன். அவரு இன்னும் என்கிட்ட பேசல.

வெளையாட்டு பாதியில நின்னுடுச்சு. ஒரு வாண்டு முந்திரிக்கொட்டையாட்டம் முந்திக்கிட்டு துண்டு விழாமலே எந்திரிச்சி ஓடுனான். நானும் பெரியம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒரே நேரத்துல அவன் டவுசர் பாக்கெட்டத்தான் பாத்தோம். வடை.

ஏப்ரல் 19, வெள்ளி, பிற்பகல் 1:15
மஞ்சக்குப்பத்துல ஓட்டுப் போட்டுட்டு வந்தேன். வரிசையில முன்னாடி நின்ன அம்மாவுக்கு வெரல் நுனியெல்லாம் ஏற்கெனவே கறுப்பு, நகத்தோரம் தோல் உரிஞ்சிருக்கு. மை வைக்கிற தம்பி வெரலப் புடிச்சி ரெண்டு தடவ திருப்பிப் பாத்தாரு. "முந்திரி ஒடைக்கிறேன் சார், கறை"ன்னுச்சு அந்தம்மா. வரிசையில யாரோ பின்னாடிலேர்ந்து மெதுவா "கொள்ளையடிச்சவன் எங்கிருக்கான்"னு எடுத்துக் குடுத்தாங்க. அதுக்கு மேல எழுதுனா அரசியலாயிடும்.

ஏப்ரல் 21, ஞாயிறு, காலை 10:00
கடைசியா கேட்ட அக்காவுக்கு: ஆமா, ஒரே ஆளு பின்னாடி அடுத்தடுத்து ரெண்டு தடவ துண்டு போடலாம், எங்க ஊர்ல ஆட்டம் செல்லும். துண்டு விழுந்தது தெரியாம உக்காந்தே இருந்தா, நரி ஒரு சுத்து முடிச்சி வந்து அந்தத் துண்டாலயே முதுகுல போடும். பாண்டிப் பக்கம் அடி கெடையாது, வட்டத்துக்கு நடுவுல போய் உக்காரணும்னு எங்க அண்ணி சொல்றாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்ல தீராத வழக்கு இது. நீங்க எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.